வண்டலூர் ஹெரால்டு

ஹெரால்டு காரின் உடம்பு ஒரே கூடாக இருக்காது. மூக்குப் பகுதி தனி, ஆட்கள் உட்காரும் நடுப்பகுதி தனி, டிக்கிப் பகுதி தனி, கூரையும் தனி. எல்லாவற்றையும் போல்ட்டுப் போட்டுச் சேர்த்து, அடியில் இருக்கும் இரும்பு சேசிஸின் மேல் பூட்டியிருப்பார்கள். பக்கத்துக்கு ஒன்றாக வெளியே தெரியும் இரண்டு கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் பானெட் மட்டும் எழாது. மட்கார்டு, முகப்பு விளக்கு என்று முன்பாகம் மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். இன்ஜினும் ஸ்டியரிங்கும் முன் ஸ்பிரிங்குகளும் அப்படியே கண்முன் வந்துவிடும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து ஸ்பேனரைப் பிடிக்கலாம். இன்றைய கார்களில் ஒரு பல்பை மாற்றவே பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

இது பிறந்ததற்குக் காரணம் நெருக்கடி. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தன் சிறிய கார்களுக்கான உடலை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டிருந்தது. 1953இல் அந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு உடல் செய்து தர ஆளில்லை. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் தனி சேசிஸைக் கைவிட்டு, உடலையும் சட்டத்தையும் ஒன்றாக வெல்டு செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்குப் பெரிய அச்சுகளும் பெரிய பிரஸ்களும் வேண்டும். அவை இல்லாத ஸ்டாண்டர்ட் பழைய சேசிஸ் முறைக்கே திரும்பியது. உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, சிறிய பட்டறைகளிடம் ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து வாங்கி, தன் தொழிற்சாலையில் பூட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது.

பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் இத்தாலியின் டூரின் நகருக்குப் போய், ஜியோவானி மிக்கெலோட்டி என்ற வடிவமைப்பாளரைப் பிடித்தார். கூரிய விளிம்பும் அகலக் கண்ணாடியும் பின்னால் சிறு துடுப்புகளுமாக அவர் வரைந்ததுதான் ஹெரால்டின் முகமும் முதுகும். சோதனைக் கார்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருக்கும் கேப் டவுனிலிருந்து வடக்கே டாஞ்சியர் வரை ஓட்டிப் பார்க்கப்பட்டன. 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுகம். மேடையில் துண்டுகளைக் கொண்டுவந்து, பார்வையாளர் கண்ணெதிரே சில நிமிடங்களில் ஒரு முழு காரைப் பூட்டிக் காட்டினார்கள். உடல் செய்ய ஆள் கிடைக்காத குறையையே காரின் பெருமையாக மாற்றிவிட்ட சாமர்த்தியம் அது.

பிரித்துப் பூட்டக்கூடிய கார் என்றால் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவதும் சுலபம். அயர்லாந்து, மால்ட்டா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல இடங்களுக்கு ஹெரால்டு துண்டுகளாகப் போய்ச் சேர்ந்தது. அப்படி 1961இல் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து வண்டலூர்.

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூரைத் தாண்டியதும் இருந்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. சென்னையின் யூனியன் கம்பெனியும் கவென்ட்ரி ஸ்டாண்டர்டும் 1948இல் கூட்டாகத் தொடங்கியது. வான்கார்டு, ஸ்டாண்டர்ட் டென் என்று ஏற்கெனவே கார்கள் வெளிவந்துகொண்டிருந்தன. 1953இல் மத்திய அரசு ஒரு கெடு விதித்தது. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி விற்றால் மட்டும் போதாது, பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்யும் திட்டம் வேண்டும், இல்லாதவர்கள் கிளம்பலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட் என்று மூன்று கார் கம்பெனிகள் மிஞ்சின.

இந்த இடத்தில் வண்டலூர்க்காரர்களின் கணக்கு எனக்குப் பிடித்தமானது. ஹெரால்டு பார்க்கப் புதியது, அதன் இதயமோ பழையது. 948 சிசி இன்ஜின், ஸ்டாண்டர்ட் டென்னில் ஓடிக்கொண்டிருந்த அதே இன்ஜின்தான். அந்நியச் செலாவணிக்கு நாடே திண்டாடிய காலம். புதிய இயந்திரம் இறக்குமதி செய்வதென்றால் லைசென்ஸுக்காகத் தவம் கிடக்க வேண்டும். தெரிந்த இன்ஜினை வைத்துக்கொண்டு புதிய காரைக் கொண்டுவந்தது புத்திசாலித்தனம். துண்டுகளாக வந்த உடலில், எதை முதலில் உள்ளூரில் செய்வது, எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்று வரிசை போடவும் முடிந்தது. அதே ஆண்டுகளில்தான் சென்னைக்குப் பக்கத்தில் பாடியில் லூக்காஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. இங்கிலாந்தில் ‘டிரையம்ஃப் ஹெரால்டு’ என்ற பெயரில் விற்ற கார், இங்கே ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ ஆனது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டுக்கு 1961இலேயே 1147 சிசி இன்ஜின் வந்துவிட்டது, 1967இல் 1296 சிசி. வண்டலூரில் கடைசிவரை 948தான். இன்ஜினை மாற்ற இயந்திரங்கள் வேண்டும், இயந்திரங்களுக்கு டாலரோ பவுண்டோ வேண்டும். விற்பனையும் சொற்பம், கார் விலையிலும் அரசின் கட்டுப்பாடு. கை வைக்க முடிந்தது உடம்பில் மட்டும்தான். அங்கே கை வைத்தார்கள்.

முதலில் கதவு. மிக்கெலோட்டியின் கார் இரண்டு கதவுக் கார். இளம் தம்பதி ஓட்டிப் போக அது போதும். நம் ஊரில் கார் வாங்கியவர் டாக்டராகவோ வக்கீலாகவோ இருப்பார். பின் சீட்டில் பாட்டியும் பிள்ளைகளும் ஏற வேண்டும். முன் சீட்டை மடித்து, பட்டுப்புடவையோடு குனிந்து நுழைந்து ஏறுவது எவ்வளவு சங்கடம்! 1960களின் பிற்பகுதியில் வண்டலூர் நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. தாயகமான இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்டு செய்யப்பட்டதே இல்லை.

அடுத்தது பின் சக்கரம். ஹெரால்டின் நான்கு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும். மலிவுக் கார்களில் அன்று அது பெரிய விஷயம். ஆனால் பின்னால் இருந்தது ஸ்விங் ஆக்ஸில். டிஃபரன்ஷியலிலிருந்து இரண்டு பக்கமும் போகும் தண்டுகளுக்கு உள்முனையில் மட்டுமே மூட்டு. தண்டு ஏறி இறங்கும்போது சக்கரமும் கூடவே சாயும். காரில் ஆளில்லாதபோது சக்கரங்களின் அடிப்பக்கம் உள்வாங்கி நிற்கும். பின் சீட்டில் மூவரும் டிக்கியில் மூட்டைகளும் ஏறிவிட்டால், மேல்பக்கம் உள்ளே சாய்ந்து அடிப்பக்கம் வெளியே விரியும். பின்னால் வருபவருக்கு ஏதோ ஒடிந்துவிட்டது போலத் தெரியும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து போகும். வேகமாக வளைத்தால் வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்க, காரின் பின்பாகம் எழும்பி வழுக்கும். ஓட்டியவர்களும் பட்டறைக்காரர்களும் இதை விரும்பவில்லை.

மற்றபடி நம் சாலைகளுக்கு அது இணக்கமான கார். 25 அடிக்குள் முழு வட்டம் அடித்துவிடும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், திருக்கழுக்குன்றத்தின் நெருக்கமான தெருவில் எதிரே தேங்காய் வண்டி நின்றாலும் ரிவர்ஸ் போடாமல் திரும்பலாம். கடலோரத்து உப்புக்காற்றுதான் அதற்கு எதிரி. துண்டுகள் சேருமிடத்தில் ஈரம் தங்கி, துரு அங்கிருந்தே கிளம்பும். துருப்பிடித்த பாகத்தை மட்டும் கழற்றிப் போட்டு வேறொன்றைப் பூட்டலாம் என்பது ஆறுதல்.

இங்கிலாந்தில் 1971இல் ஹெரால்டு நின்றது. வண்டலூரிலும் அத்தோடு முடிந்தது, ஆனால் அங்கே அடுத்த கார் தயாராக இருந்தது. 1972இல் வந்த அதன் பெயர் கெஸல். நடுப்பகுதி ஹெரால்டினுடையது. முன்னும் பின்னும் வண்டலூரே மாற்றி அமைத்தது. ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இறுகிய ஆக்ஸிலைப் போட்டார்கள். பொறியியல் நூல்களின்படி இது பின்னோக்கிய அடி. பாட்டி, மூட்டை, மேடுபள்ளம் எல்லாம் தெரிந்தவர்களின் கணக்கில் இதுதான் முன்னேற்றம். என்னைக் கேட்டால், வண்டலூரில் நடந்த உண்மையான புத்தாக்கம் கெஸல்தான். துண்டு துண்டாகப் பூட்டும் அமைப்பு கொடுத்த சுதந்திரத்தை அதைவிட நன்றாக அங்கே எவரும் பயன்படுத்தவில்லை. கெட்ட நேரம், 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏறி, கார் சந்தை சுருண்டது. சில ஆண்டுகள் தடுமாறிய கெஸல் 1977இல் நின்றுபோனது. ஸ்டாண்டர்ட் 20 என்ற வேன்தான் கம்பெனிக்குச் சோறு போட்டது.

மீண்டும் கார் செய்ய வந்தபோது, கெஸலைச் செய்த பாதையில் அவர்கள் போகவில்லை. 1976இல் இங்கிலாந்தில் மூன்றரை லிட்டர் வி8 இன்ஜினோடு வந்த ரோவர் எஸ்டி1 காரின் உடலை வாங்கினார்கள். அதற்குள் வான்கார்டு காலத்து வழிவந்த 1991 சிசி இன்ஜினை வைத்தார்கள். 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வெளிவந்தது. ஹெரால்டு செய்தபோதும் புதிய உடலில் பழைய இன்ஜின்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சிறிய காருக்கு அந்தச் சிறிய இன்ஜின் பொருந்தியது. இங்கே ஆடம்பரக் காரின் விலையும் அரைகுறை வேகமும் சேர்ந்தன. இரண்டே ஆண்டு முன்பு வந்த மாருதி 800 ஏற்கெனவே சந்தையைப் பிடித்திருந்தது. 1988இல் உற்பத்தி நின்றது.

அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் தெற்கே, மறைமலை நகரில் 1990களில் ஃபோர்டு திரும்ப வந்தது. மகிந்திரா சிட்டிக்குள் காரை வடிவமைத்துச் சோதிக்கும் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. வண்டலூர் தொழிற்சாலை இடம் 2006இல் கைமாறியது. அங்கே மீந்து கிடந்த எஸ்டி1 உதிரிபாகங்களை, பழைய பிரிட்டிஷ் கார்களுக்குப் பாகம் விற்கும் இங்கிலாந்து வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலில் கொண்டுபோய்விட்டார்கள்.