ஜன் சுன்வாய்

ஜன் சுன்வாய் என்பது, அரசு வேலைகளில் களவுபோன கூலியைக் கண்டுபிடிக்க ராஜஸ்தான் கிராமத் தொழிலாளர்கள் கையாண்ட மக்கள் விசாரணை முறை. ஊராட்சியின் செலவுக் கணக்குகள் ஊர் கூடிய இடத்தில் உரக்க வாசிக்கப்படும். அவற்றில் பெயர் உள்ளவர்களே எழுந்து மெய்யா பொய்யா என்று சொல்வார்கள். முதல் விசாரணை 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் நடந்தது.

மத்திய ராஜஸ்தானில் மழை பொய்க்கும் ஆண்டுகள் அதிகம். அப்போதெல்லாம் சாலை போடுவதும் குளம் வெட்டுவதுமான வறட்சி நிவாரண வேலையே ஏழைகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, பிழைப்பு. குறைந்தபட்சக் கூலி சட்டத்தில் இருந்தது; கைக்கு முழுதாக வந்து சேரவில்லை. ஒவ்வொருவர் வேலையையும் தனியாக அளக்காமல், கூட்டமாகச் செய்த வேலையை அளந்து தலைக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயர்கள் மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஏறினால், வெயிலில் மண் சுமந்தவர்களின் பங்கு அந்த அளவுக்குக் குறையும். கூலி குறைவதற்குச் சோம்பல் காரணம் என்று தொழிலாளிமீதே பழி விழுந்தது. பெரிய அநீதி அதுதான்.

அஜ்மீர் மாவட்டத்தின் ஹர்மாரா சாலைப் பணியில் இப்படிக் கூலி குறைக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சஞ்சித் ராய் வழக்கு என்று அறியப்படும் அதில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே, வறட்சி நிவாரணம் என்பதால் அதற்கு விலக்கு இல்லை என்று 1983இல் தீர்ப்பானது. ஆனால் தீர்ப்பு எளிதில் பணியிடத்தை எட்டிவிடவில்லை.

இந்திய ஆட்சிப்பணியிலிருந்து 1975இல் விலகிய அருணா ராயும், அவருடன் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் 1987இல் தேவ்டுங்கிரி கிராமத்தில் ஒரு குடிசையில் குடியேறினர். 1990 மே 1 அன்று பீம் ஊரில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு பிறந்தது. முழுக் கூலி கேட்டு அங்கே உண்ணாவிரதங்கள் நடந்தன. கேட்கும்போதெல்லாம் வந்த பதில் ஒன்றே: ஏட்டில் வேலை அளவு குறைவாக இருக்கிறது. அந்த ஏட்டைக் காட்டுங்கள் என்றாலோ, அது அரசாங்க ரகசியம். கூலிப் போராட்டம் கணக்குப் போராட்டமாக மாறியது இந்த இடத்தில்தான்.

அதன் கருவியான ஜன் சுன்வாயில், விசாரணைக்கு முன்பே பெரும்பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். மஸ்டர் ரோல், பில், வவுச்சர் ஆகியவற்றின் நகல்களைச் சங்கடனைச் சேர்ந்தவர்கள் எப்படியாவது பெறுவார்கள். அவற்றோடு வீடுவீடாகப் போய், இத்தனை நாள் வேலை செய்தாயா, இவ்வளவு பணம் வந்ததா, இந்தக் கைநாட்டு உன்னுடையதா என்று கேட்பார்கள். இறந்துபோனவர்கள் கூலி வாங்கியிருப்பார்கள். பாதியில் நின்ற கட்டடம் ஏட்டில் முடிந்திருக்கும். பிறகு பந்தல், மைக். வெளியூரிலிருந்து வந்த வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் நடுவர்களாக அமர்வார்கள். அதிகாரிகளுக்கும் அழைப்பு உண்டு, குற்றம் சாட்டப்பட்டவர்களும் பதில் சொல்லலாம். எழுதப்படிக்கத் தெரியாத பெண், தன் பெயரில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை அங்கேதான் முதன்முறையாகக் கேட்பாள். சில ஊராட்சித் தலைவர்கள் எடுத்த பணத்தைத் திருப்பித் தந்ததும் உண்டு.

ஆனால் ஏடுகளைத் தர, ஊராட்சிப் பணியில் இருந்த அரசு ஊழியர்களான கிராம சேவகர்கள் மறுத்தனர். ஆவணங்களைப் பார்க்கும் உரிமை தருவதாக 1995இல் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் அளித்த வாக்குறுதி நிறைவேறாததால், 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அதன் முழக்கம். 1997இல் ஜெய்ப்பூரில் மீண்டும் 53 நாள் உட்கார்ந்தார்கள்.

இவர்கள் கேட்ட உரிமையைத் தரும் தகவல் உரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1997இலேயே இயற்றியது. விதிவிலக்குகள் மிகுந்திருந்ததால் அதன் பயன் சுருங்கியது. ராஜஸ்தானில் 2000இலும் நாடு முழுமைக்கும் 2005இலும் சட்டம் வந்தது. அதே 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கிராம சபையே கணக்கைத் தணிக்கை செய்யும் கடமையை எழுத்தில் கொண்டுவந்தது. கோட் கிரானா முறையின் சட்ட வடிவம் இது எனலாம். ராஜஸ்தானில் பல ஊராட்சிகளின் சுவர்களில் வேலை அட்டைதாரரின் பெயர், வேலை செய்த நாட்கள், பெற்ற கூலி ஆகியவை பெயின்டில் எழுதப்பட்டன. படிக்கத் தெரியாதவர் பள்ளிப் பிள்ளையை நிறுத்தி வாசிக்கச் சொல்லலாம்.