ஏவ்பரிக் கல்வட்டமும் தொல்சின்னப் பாதுகாப்பும்

இங்கிலாந்தின் வில்ற்ஷயர்ப் பகுதியிலுள்ள ஏவ்பரி என்னும் சிற்றூரின் ஒரு பகுதி, புதிய கற்காலக் கல்வட்டம் ஒன்றினுள்ளேயே அமைந்துள்ளது. கி.மு. மூன்றாம் ஆயிரவாண்டைச் சேர்ந்த இவ்வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 330 மீற்றர். அதனைச் சூழ்ந்துள்ள பேரகழி, மான்கொம்புக் கருவிகளாற் சுண்ணப்பாறையில் அகழப்பட்டது. தென்னிந்தியப் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் ஈமச் சின்னங்களாகும். இதுவோ மக்கள் கூடிச் சடங்காற்றிய களமாகலாம் என்பர்.

இச்சின்னத்திற்கு அழிவு அங்கு வாழ்ந்தோராலேயே நேர்ந்தது. மத்திய காலத்திற் கற்கள் பல குழிதோண்டிப் புதைக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் நெருப்பிட்டுச் சூடேற்றி, நீரூற்றிக் கற்களைப் பிளந்து வீடு கட்டலாயினர். 1719ஆம் ஆண்டு முதல் அங்கு சென்றுவந்த வில்லியம் ஸ்ரூக்லி இவ்வழிவை நேரிற் கண்டார். அதனைத் தடுக்க அவரால் இயலவில்லை. எனினும் கற்களின் இருப்பிடங்களை அளந்து வரைந்து, 1743இல் நூலாக வெளியிட்டார்.

1871இல் வட்டத்தினுள் வீடுகள் எழும் நிலை தோன்றியபோது, பாராளுமன்ற உறுப்பினரும் தொல்லியலாளருமான ஜோன் லபொக் அந்நிலத்தை விலைகொடுத்து வாங்கினார். 1873இல் அவர் கொண்டுவந்த சட்டமூலம், தனியார் சொத்துரிமையிற் கைவைப்பதாகக் கருதியோரின் எதிர்ப்பினால் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றது. 1882இலே நிறைவேறிய தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டமும் வலிமை குன்றியதே. உடைமையாளர் விரும்பினாலன்றி அரசு எச்சின்னத்தையும் பொறுப்பேற்க இயலாதிருந்தது. உடைமையாளரைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஆணைகளுக்கு 1913ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது.

1930களில் அலெக்சாண்டர் கெயில்லர் புதையுண்ட கற்களை மீள நிறுத்தினார். அழிந்த கற்களின் இடங்களைச் சீமெந்துத் தூண்களாற் குறித்தார். அப்பணிக்கு ஸ்ரூக்லியின் பதிவுகள் பெரிதும் துணைபுரிந்தன. ஆயின், வட்டத்தினுள் நின்ற வீடுகள் சில இடிக்கப்பட்டமையும் ஈண்டு மறக்கற்பாலதன்று. கல்லை உடைத்துக் குடியமைத்தமை ஒருவகை இழப்பெனின், கல்லின் பொருட்டுக் குடியகற்றியமை பிறிதோர் இழப்பாகும். 1943இல் இவ்விடம் நஷனல் ட்ரஸ்ட் என்னும் மரபுரிமைக் காப்பு நிறுவனத்தின் உடைமையாயிற்று. 1986இல் ஸ்ரோன்ஹெஞ்சுடன் சேர்த்து உலக மரபுரிமைச் சின்னமாக்கப்பட்டது.

ஏவ்பரியிற் சட்டம் இறுதியாகவே வந்தது. அதற்கு முன்னர் அளவைப் பதிவொன்று அழிந்தவற்றின் நினைவைக் காத்தது. நிலக்கொள்வனவு எஞ்சியவற்றைக் காத்தது. ஆதலின், சட்டம் வரட்டும் எனக் காத்திராது, கண்ணெதிரே உள்ள சின்னத்தை இன்றே அளந்து பதிவுசெய்தல் ஆய்வாளரின் முதற்கடன் எனலாம்.