மகளின் சுதந்தரம்: திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம்

தமிழ்த் திருமறையில் 'சுதந்தரம்' என்னும் சொல் தகப்பன் வீட்டிலிருந்து பிள்ளைக்கு வந்து சேரும் பங்கைக் குறிப்பதாகும். செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன் நின்று அப்பங்கைக் கேட்டதையும், அவர்கள் வழக்கு நியாயமென ஏற்கப்பட்டதையும் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அத்தகப்பனுக்கோ ஆண்மக்கள் இல்லை. சகோதரர் இருக்குமிடத்து மகளுக்குச் சமபங்கு உண்டோ என்னும் வினா, நம் நாட்டுக் கிறிஸ்தவரிடையே 1986 வரை நீதிமன்றம் ஏறிக்கொண்டிருந்தது.

1916ஆம் ஆண்டுச் சட்டம்

கொல்லம் ஆண்டு 1092இல், அதாவது 1916இல், திருவிதாங்கூர் அரசு கிறிஸ்தவர்க்கென வாரிசுரிமைச் சட்டமொன்றை இயற்றியது. உயில் எழுதாது இறந்தவரின் சொத்தில், மகனுடைய பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்குரியது. இதற்கு 'ஸ்திரீதனம்' என்று பெயர். அது கொடுக்கப்பட்டோ வாக்களிக்கப்பட்டோ இருந்தால் அவளுக்கு வேறு உரிமை இல்லை. விதவை அசையாச் சொத்தில் அடைந்த பங்கும் மரணம் அல்லது மறுமணம் வரைக்குமே நிலைத்தது.

இதனைக் கிறிஸ்தவ மரபென்று கூறி நியாயப்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆண், பெண் வாரிசுகள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமுடைய லத்தீன் ரீதிக் கத்தோலிக்கருள் சிலருக்கும், நெய்யாற்றங்கரை முதலிய தாலுகாக்களில் வாழ்ந்த புரொட்டஸ்டாண்டாருள் சிலருக்கும் அச்சட்டமே விலக்கு அளித்தது. எனவே சமபங்கு அந்நிய நாட்டுக் கருத்தன்று. அம்மண்ணின் கிறிஸ்தவரிடையே முன்னரே இருந்த வழக்கமாகும்.

1951 முதல் 1986 வரை

1951ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், நடுவண் அரசின் சட்டமொன்று 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைத் திருவிதாங்கூர்–கொச்சிக்கும் விரிவாக்கியது. அதன்படி மகனும் மகளும் சமம். ஆயினும் பழைய சட்டம் நீங்கவில்லை என்று திருவிதாங்கூர்–கொச்சி உயர் நீதிமன்றம் கருதியது. 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் குமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, இச்சிக்கலும் உடன் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர் பழைய சட்டம் ஒழிந்தது என்றார். இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு பின்னர் அதனை மறுத்தது.

கோட்டயத்தைச் சேர்ந்த சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி மேரி ராய், 1983இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1986 பிப்ரவரி 24இல் நீதிபதிகள் பகவதியும் பதக்கும் தீர்ப்பளித்தனர்: பழைய சட்டம் 1951லேயே ஒழிந்தது, ஆகவே அது அரசியலமைப்பின் சமத்துவ விதிக்கு முரணானதா என ஆராயவேண்டுவதில்லை. அவ்வாறாயின், 35 ஆண்டுகளாக நம் மகளிர் தமக்குச் சட்டப்படி உரிய பங்கை இழந்திருந்தனர்.

திருச்சபைக்கு ஒரு வினா

1859இல் திருவிதாங்கூர் மகளிர் தோள்சீலை அணியும் உரிமையைப் பெற்றபோது, அவர்களுக்குத் துணைநின்றவர் மிஷனெரிமார் என்பதை நாம் பெருமையோடு கற்பிக்கிறோம். சொத்துரிமையிலோ வழக்காடியவர்கள் தனிப்பட்ட பெண்களே. தீர்ப்பு வந்தபின் கேரளத்தில் சபையார் பலர் மகிழவில்லை. முடிந்துபோன பாகப்பிரிவினைகள் குலையுமென அஞ்சினர்.

பின்னும் திருத்தங்கள் வந்தன. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி கணவன் விபசாரம் ஒன்றையே காட்டி விடுதலை பெறலாம். மனைவியோ அதனோடு கொடுமை போன்ற வேறொரு குற்றத்தையும் நிரூபிக்கவேண்டும். இவ்வேற்றுமை 2001இல் நீக்கப்பட்டது. ஆயினும் 1925ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பிள்ளையின்றி இறந்த மகனின் சொத்தில், தந்தை உயிரோடிருக்கத் தாய்க்குப் பங்கில்லை என்னும் விதி உண்டு. அதனைத் திருத்தும்படி சட்ட ஆணையம் 2014இல் பரிந்துரைத்தது.

சட்டம் உரிமையைத் தரலாம். அதனைக் கைக்கொள்ளும் துணிவு வீட்டிலும் சபையிலும் பிறக்கவேண்டும். மணநாளில் கொடுத்த நகையையும் பணத்தையும் காட்டிப் பங்கு தீர்ந்ததென்று சொல்வதும், சகோதர அன்பின் பெயரால் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதும் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறுபிறப்பே. உயில் எழுதவும் பாகம் பிரிக்கவும் ஆலோசனை கேட்டுக் குடும்பத்தார் ஆயரிடம் வருவதுண்டு. அவ்வேளையில் மகளையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுதல் ஆயரின் கடமையாகும். செலொப்பியாத்தின் குமாரத்திகள் பேசியதை மோசே தடுக்கவில்லை. அவர்கள் வழக்கை அவர் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார்.