அவசரச் சேவைகளின் செலவை யார் ஏற்பது?

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் (1992) இணைத்த பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளுக்கு உரிய பணிகளாக 18 பொருள்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஏழாவது தீயணைப்பு. அதே ஆண்டின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கென வகுத்த பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. தீயணைப்பு அவற்றில் இல்லை. நகரத்தில் தீப்பற்றினால் எந்த உள்ளாட்சியைக் கேட்பது என்பதற்கு ஒரு வரியாவது இருக்கிறது. கூரை வீடுகள் மிகுந்த கிராமத்திற்கு அதுவும் இல்லை.

நடைமுறை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது. மும்பையின் தீயணைப்புப் படை மாநகராட்சியின்கீழ் இயங்குகிறது. தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் மாநில அரசின் துறை. அதன் செலவு மாநில வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. இந்த ஏற்பாடே நியாயமானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

காரணம் எளிது. சேவையை உள்ளூர்ச் சொத்துவரியோடு பிணைத்தால், சொத்து குவிந்த இடத்தில்தான் நிலையமும் வண்டியும் குவியும். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தலித் குடியிருப்புகளின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். பல வீடுகளுக்குப் பட்டா இல்லை. வீட்டுவரி வருமானமும் சொற்பம். ஆனால் தென்னங்கீற்றுக் கூரை, விறகடுப்பு, சுவரோடு சுவர் ஒட்டிய குடிசைகள் என்று ஆபத்தோ அங்குதான் அதிகம். ஒரு கூரையில் பற்றிய தீ வரிசையையே அழிக்கிறது. குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் யாவும் அதிலேயே போகின்றன.

"வரி கட்டாதவர்களுக்கு ஏன் இலவசச் சேவை?" என்னும் கேள்வி அவ்வப்போது எழுப்பப்படுகிறது. கூலித் தொழிலாளி வருமானவரி கட்டுவதில்லை, உண்மை. சோப்பிலும் செருப்பிலும் கைப்பேசி ரீசார்ஜிலும் அவர் அன்றாடம் வரி செலுத்திக்கொண்டே இருக்கிறார். கொடுத்தவர் கேட்பதற்கு இலவசம் என்று பெயரிடுவது பழைய தந்திரம்.

கட்டணமுறையின் முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. டென்னசி மாநிலத்தின் ஒபியன் கவுண்டியில், சவுத் ஃபுல்டன் நகரத் தீயணைப்புத் துறை நகர எல்லைக்கு வெளியே வாழ்வோரிடம் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா பெற்றுவந்தது. 2010 செப்டம்பரில் சந்தா செலுத்தாத ஒரு குடும்பத்தின் வீடு எரிந்தது. அப்போதே பணம் தருவதாக அவர்கள் மன்றாடியும் பயனில்லை. சந்தா செலுத்தியிருந்த பக்கத்து நிலத்தை மட்டும் வீரர்கள் காத்தனர். வீடு அவர்கள் கண்ணெதிரே சாம்பலானது.

அவசர ஊர்தியைப் பொறுத்தவரை, 108 சேவை 2005இல் ஆந்திராவிலும் 2008இல் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. தனியார் அமைப்பு இயக்குகிறது, நோயாளியிடம் கட்டணம் இல்லை, பணம் அரசுடையது. தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் விதிப்படி இயக்கச் செலவில் ஒன்றிய அரசின் பங்கு முதலாண்டில் 60%, இரண்டாமாண்டில் 40%, பின்னர் 20% எனக் குறைந்தது. மீதிச் சுமை மாநிலத்தின் தலையில்.

பொது நிதியிலிருந்து பணம் வருவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. தீயணைப்பு வண்டி நகரத்தில் 5 முதல் 7 நிமிடத்திற்குள்ளும் கிராமத்தில் 20 நிமிடத்திற்குள்ளும் சேர வேண்டும் என்பது நிலைத்த தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் அளவுகோல். ஓலைக் கூரைக்கு 20 நிமிடம் என்பது அணைப்பதற்கான நேரமன்று, கணக்கெடுப்பதற்கான நேரம். பிரதான சாலை ஊரோடு நின்று, அதற்கப்பால் மண்பாதையாகும்போது அந்த 20 நிமிடமும் நீள்கிறது. வண்டி நுழையாத தெருவின் மக்கள் தம் செலவைத் தூரத்தாலும் காலத்தாலும் செலுத்துகின்றனர். எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இக்கணக்கு ஏறுவதில்லை.

நிதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மாநிலங்களில் தீயணைப்பை விரிவாக்கி நவீனமாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய உள்துறை 2023இல் தொடங்கியது. வடகிழக்கு, இமாலய மாநிலங்கள் 10 விழுக்காடும், ஏனையவை 25 விழுக்காடும் தம் பங்காக அளிக்க வேண்டும். புதிய நிலையம் எங்கே அமைகிறது என்பதே நாம் கேட்க வேண்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தலித் குடியிருப்புகளுக்கான சாலையையோ நிலையத்தையோ பட்டியல் சாதியினர் துணைத் திட்ட நிதியில் அமைக்கலாம் என்னும் யோசனை வந்தால் எதிர்க்க வேண்டும். 1979-80 முதல் நடைமுறையிலுள்ள அந்த ஏற்பாடு கூடுதல் மேம்பாட்டிற்கானது. மற்றவர்களுக்குப் பொது நிதியில் கிடைக்கும் பாதுகாப்பை நமக்கு நமது பங்கிலிருந்தே விற்பது அநீதி.

தீ வைக்கப்பட்ட வழக்குகள் வேறு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இத்தகைய வன்கொடுமைகளில் எரிந்த வீட்டை அரசு தன் செலவில் செங்கல் அல்லது கல் வீடாகக் கட்டித்தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகள் கூறுகின்றன. சட்டத்தின் 16ஆவது பிரிவு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 10ஏ பிரிவின் வழியாக, குற்றத்தில் ஈடுபட்ட அல்லது துணைநின்ற பகுதியினர்மீது கூட்டு அபராதம் விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. இழப்பீட்டு மனுக்களில் இப்பிரிவையும் சேர்த்தே கேட்கலாம்.

களப்பணியைத் தொடங்க விரும்பும் மாணவர்கள் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அருகிலுள்ள நிலையத்திடம் இரண்டு விவரங்களைக் கேட்டால் போதும்: ஒவ்வொரு தீ விபத்திலும் அழைப்பு வந்த நேரம், வண்டி சேர்ந்த நேரம். ஊருக்கும் சேரிக்கும் தனித்தனியே அவற்றை அட்டவணையிட வேண்டும்.