ஃபிராங்கி பேக்கரை விடாத பாட்டு

1899 அக்டோபர் 15 பின்னிரவு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், டார்கி தெரு 212ஆம் எண் வீட்டில் துப்பாக்கி வெடித்தது. குண்டடிபட்ட 17 வயது ஆலன் பிரிட் நான்கு நாள் கழித்து இறந்துபோனார். சுட்டவர் அவரோடு வாழ்ந்துவந்த கறுப்பினப் பெண் ஃபிராங்கி பேக்கர்.

அன்றிரவு வேறொரு பெண்ணோடு நடனப் போட்டிக்குப் போயிருந்தார் பிரிட். வீடு திரும்பியதும் சண்டை மூண்டது. விளக்கை எடுத்து எறிய வந்தார், பிறகு கத்தியோடு பாய்ந்தார், தலையணைக்கு அடியில் இருந்த துப்பாக்கியை எடுத்து ஒரே முறை சுட்டேன் என்பது ஃபிராங்கியின் வாக்குமூலம். தற்காப்புக்காகச் சுட்டார் என்று நீதிமன்றம் ஏற்று, நவம்பர் 13 அன்று அவரை விடுதலை செய்தது.

பாட்டு விடுதலை செய்யவில்லை.

பில் டூலி என்ற தெருப்பாடகர் சுடச்சுடப் பாட்டுக் கட்டிவிட்டார் என்று அந்த ஊரில் பேச்சு உண்டு. வாய்க்கு வாய் மாறியதில் ஆலன் 'ஆல்பர்ட்' ஆனார். 1912இல் 'ஃபிராங்கி அண்ட் ஜானி' என்ற தலைப்பில் அச்சான வடிவத்தில் 'ஜானி' ஆகிவிட்டார். ஒரு குண்டு பல குண்டுகளானது. கத்தி காணாமல் போனது. உயிருக்குப் பயந்து சுட்டவர், பொறாமையில் காதலனைத் தேடிப்போய்க் கொன்றவளாகிவிட்டார். ஃபிராங்கி என்ற பெயர் மட்டும் மாறவே இல்லை.

அந்தப் பாட்டின் தொல்லை தாங்காமல்தான் ஃபிராங்கி ஊரை விட்டார். கடைசியில் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். பாட்டு அங்கேயும் வந்துசேர்ந்தது. 1936இல் ரிபப்ளிக் நிறுவனம் அதைப் படமாக வெளியிட்டதும், தன் பெயருக்கு இழுக்கு என்று வழக்குப் போட்டார். 1942இல் செயின்ட் லூயிஸிலேயே விசாரணை நடந்தது. இந்தப் பாட்டு ஃபிராங்கி பேக்கரின் கதைதான் என்று முன்பு தன் நூலில் எழுதிய இசை வல்லுநர் சிக்மண்ட் ஸ்பேத், படநிறுவனத்தின் சாட்சியாகக் கூண்டேறி, பாட்டு அந்தச் சம்பவத்தைவிடப் பழையது என்றார். ஃபிராங்கி தோற்றுப்போனார்.

1952இல் ஆரிகனிலேயே அவர் காலமானார். பாட்டு நிற்கவில்லை, 1966இல் எல்விஸ் பிரெஸ்லி அதே தலைப்பில் ஒரு படத்திலும் நடித்தார்.

நாட்டுப்பாடலுக்குச் சாட்சியும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. கேட்பவர் மனதில் எது தைக்கிறதோ அந்த வடிவமே நிலைக்கும். தற்காப்பைவிடப் பொறாமை பாட்டுக்கு எடுப்பாக இருந்தது. அதற்கு ஓர் ஏழைப் பெண்ணின் ஆயுள் விலையானது. இந்தப் பாட்டை அச்சிடும் தொகுப்புகள் ஒவ்வொன்றும் 1899 நவம்பர் தீர்ப்பையும் அதன் கீழே சேர்த்து அச்சிட வேண்டும்.