கூட்டாமல் குறைக்காமல்

ஒருவர் கூறியதை மற்றொருவரிடம் கொண்டு சேர்ப்பது எளிய செயல் என்றே தோன்றும். செய்து பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். கேட்டவன் தன் சொல் ஒன்றைக் கூட்டவும் கூடாது. கேட்ட சொல் ஒன்றை விட்டுவிடவும் கூடாது. அது அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மனிதரிடத்தும் அரிதாகிய இந்நேர்மையை ஒரு கருவியிடம் எதிர்பார்த்து உழைத்த சிலரின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுகின்றோம்.

நம் இல்லங்களில் ஒரு காலத்தில் வீற்றிருந்த மரப்பெட்டி வானொலியை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். குமிழைத் திருகிய உடனே அது பேசாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெல்லக் கனன்று சூடேறிய பின்னரே இலங்கை வானொலியின் குரல் எழும். அக்குழாய்களே வால்வுகள். காற்று நீக்கப்பட்ட அக்குழாயினுள், சூடேறிய உலோகத்திலிருந்து மின்னணுக்கள் புறப்பட்டு எதிரிலுள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இத்தகைய குழாயை 1904இல் இங்கிலாந்தில் அமைத்தவர் ஜான் அம்புரோஸ் பிளெமிங். அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906இல் அதனுள் மூன்றாவது உறுப்பொன்றைச் சேர்த்தார். இடையில் நின்ற அந்தக் கம்பி வலையில் தோன்றும் சிறு மின்னசைவு, பாய்ந்து வரும் பெரு மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆண்டது. மடைப்பலகையை அசைக்கும் சிறுவன், கால்வாய் நீர் முழுவதையும் ஆள்வது போன்றது இது. மெல்லொலியைப் பேரொலியாக்கும் ஆம்பிளிபையர் இவ்வாறே பிறந்தது.

ஆயினும், பெரிதாக்கிய கருவி பொய்யும் கலந்தது. உள்ளே சென்ற ஒலியில் இல்லாத ஓசைகள் வெளியே வந்தன. இதற்கு மருந்து கண்டவர் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹெரால்டு பிளாக். 1927 ஆகஸ்டில் ஒரு காலை, பணிக்குச் செல்லும் வழியில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை எழுதிக்கொண்டார். வெளிவரும் ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி, மீண்டும் தொடக்கத்திற்கே அனுப்பி, மூலத்தோடு ஒப்பிடச் செய்தல் என்பதே அவ்விடை. பிழை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். பெருக்கத்தில் ஒரு பகுதியை இழந்தே இந்த உண்மையைப் பெற முடிந்தது என்பதும் எண்ணத்தக்கது.

இம்முறையை இல்லத்து இசைக்கருவியில் செம்மையாக நிறைவேற்றிக் காட்டியவர் டி. டி. என். வில்லியம்சன் என்னும் இளம் பொறியாளர். ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் ஆங்கில இதழில் 1947 ஏப்ரல், மே மாதங்களில் அவர் தம் அமைப்பை வெளியிட்டார். இரண்டு கேடி66 வால்வுகள் கொண்ட அக்கருவி 15 வாட் ஆற்றலை அளித்தது. அதில் கலந்த பொய்யோசையோ நூற்றில் பத்திலொரு பங்கைத் தாண்டவில்லை. அவர் அதை மறைத்து வைக்கவில்லை. சுற்றின் படத்தையும், டிரான்ஸ்பார்மரில் கம்பி சுற்றும் முறையையும் எவரும் செய்துகொள்ளுமாறு எழுதிக் கொடுத்தார். பல நாடுகளிலும் ஆர்வலர்கள் தம் வீட்டு மேசையிலேயே அதைக் கட்டினர்.

ஸ்பீக்கரிலும் இதே நாட்டம் எழுந்தது. வார்ப்டேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ் 1954இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில் கலைஞர்களை நேரில் இசைக்கச் செய்தார். அருகிலேயே ஒலிப்பதிவையும் ஒலிக்கச் செய்து, ஒப்பிடும் பொறுப்பை அவையோரிடமே விட்டார். குவாட் கருவிகளைப் படைத்த பீட்டர் வாக்கர் 1957இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்பீக்கரில் கனத்த காகிதக் கூம்பே இல்லை. துளையிட்ட இரு தகடுகளின் நடுவே, மின்னேற்றம் பெற்ற மெல்லிய பிளாஸ்டிக் படலமொன்று அசைந்தது. அசையும் பொருள் இலேசாக இருந்தால் அது தன் ஓசையைச் சேர்க்காது என்பது அவர் கண்ட நுட்பம்.

வில்லியம்சன் எழுதிய அதே 1947இன் டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்துவிட்டது. வால்வு நிறைவெய்திய ஆண்டிலேயே அதன் இடத்திற்கு உரியவனும் பிறந்தான். 1960களில் வால்வுக் கருவிகள் பரண் ஏறின. எனினும் அவை மடியவில்லை. ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன. பழைய கருவிகளைத் தேடியெடுத்துப் புதுப்பிப்போரும் இருக்கின்றனர்.

அப்பணி பொறுமையைக் கேட்பது. பழங்கருவியை உடனே மின்சாரத்தில் இணைத்தல் பெரும்பிழை. முதுமையால் காகிதக் கண்டென்சர்கள் மின்னைக் கசியவிட, வால்வு அளவு மீறிக் கனன்று கெடும். உலர்ந்த கண்டென்சர்களையும் அளவு மாறிய ரெசிஸ்டர்களையும் மாற்றுதல் வேண்டும். கருவியின் இதயமாகிய டிரான்ஸ்பார்மர் நலமாயிருப்பின் அதைத் தொடலாகாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. இணைப்பை நீக்கிய பின்னரும் கண்டென்சர்களில் அது தங்கிநிற்கும். அறியாதார் கைவைத்தல் உயிருக்கே ஊறாகும்.

இங்கே ஒரு வழக்கு எழுகின்றது. வால்வின் ஒலியில் தனி இதம் உண்டென்றும், அதைக் காக்கவே புதுப்பிக்கின்றோம் என்றும் சிலர் கூறுகின்றனர். அவர்கள் கேட்பது பொய்யன்று. ஒற்றை வால்வால் இயங்கும் சில கருவிகளில் மூலச் சுரத்தோடு அதன் மேற்சுரமும் சிறிது கலந்து காதுக்கு இனிக்கின்றது. ஆனால் வில்லியம்சனும் வாக்கரும் நாடியது அவ்வினிமையை அன்று. தம் கருவி தனக்கென ஓசையே இல்லாதிருப்பதை நாடினர். அவர்கள் படைத்ததைப் புதுப்பிப்பவர், உலர்ந்துபோன கண்டென்சரின் மங்கலை ‘பழமையின் இனிமை’ எனப் போற்றுவாராயின், படைத்தவரின் கருத்தையே இழந்தவராவார்.

பழஞ்சுவடியைப் பதிப்பிப்போர் இதனை நன்கு அறிவர். செல்லரித்த இடத்தை உண்மை என்று கொள்வதும் தவறு. தம் சொல்லை இட்டு நிரப்புவதும் தவறு. பெயர்த்தெழுதியோரின் பிழையை நீக்கி, ஆசிரியர் எழுதியதை மீட்டுத் தருவதே பதிப்பு. பழங்கருவியைப் புதுப்பித்தலும் அத்தகையதே என்பது நம் துணிபு. அவ்வாறு மீட்கப்பட்ட கருவியின் முன் அமர்ந்து, என்றோ மறைந்த ஒருவரின் குரலை அவர் மூச்சு வாங்கும் ஓசையோடு கேட்கும்போது, நம் நினைவில் கருவி நிற்பதில்லை; அக்குரலே நிற்கின்றது. கருவியை மறக்கச் செய்ததே அதைப் படைத்தவரின் வெற்றி.