தீவனச் சாக்குப் போர்வைகள்

தீவனச் சாக்குப் போர்வைகள் என்பவை, மாவு, சர்க்கரை, கால்நடைத் தீவனம் ஆகியவை அடைத்து விற்கப்பட்ட பருத்திச் சாக்குகளின் துணியைக் கொண்டு அமெரிக்க நாட்டுப்புறப் பெண்கள் கையால் தைத்த ஒட்டுப்போர்வைகள் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், குறிப்பாக 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலத்தில், இவை பரவலாகத் தைக்கப்பட்டன.

பீப்பாயிலிருந்து சாக்குக்கு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாவு பெரும்பாலும் மரப்பீப்பாய்களில் அனுப்பப்பட்டது. எலியாஸ் ஹோவ் 1846இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத் தையல் பரவிய பின் பாரம் தாங்கும் சாக்குகளை விரைவாகத் தைக்க முடிந்தது. பீப்பாயைவிடச் சாக்கு மலிவானது, எடையும் குறைவு.

எழுத்தை மறைத்தல்

தொடக்ககாலச் சாக்குகள் வெள்ளைத் துணியால் ஆனவை. அவற்றின்மேல் நிறுவனத்தின் பெயரும் சின்னமும் அச்சிடப்பட்டிருந்தன. அந்த மையை நீக்கப் பெண்கள் சாக்கைப் பன்றிக் கொழுப்பிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்து, காரச் சோப்பால் துவைத்தனர். சாக்குத்துணி வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டதால், எழுத்து மறையும்வரை துவைப்பது குடும்பத்தின் மானத்தைக் காப்பதாகவும் இருந்தது.

இப்பழக்கத்தை ஆலைகள் கவனித்தன. 1920களிலிருந்து பூப்போட்ட, கட்டம்போட்ட சாக்குகள் சந்தைக்கு வந்தன. பின்னர், நனைத்தால் உரிந்துவிடும் காகிதச் சீட்டில் பெயரை அச்சிட்டு ஒட்டினர். ஓர் உடைக்கு ஒரே வடிவம் கொண்ட பல சாக்குகள் தேவைப்பட்டன. எனவே எந்தத் தீவனத்தை வாங்குவது என்பதை வீட்டுப் பெண்களின் துணித் தேர்வே பலமுறை முடிவு செய்தது.

தைக்கும் முறை

உடைகள் தைத்து மீந்த துண்டுகள் போர்வையின் மேற்புறத்துக்கும், வெள்ளைச் சாக்குகள் பெரும்பாலும் அடிப்புறத்துக்கும் பயன்பட்டன. இரண்டுக்கும் நடுவே பஞ்சைப் பரப்பி மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தனர். சாக்கின் வாயைப் பிரித்தபோது கிடைத்த நூலும் வீணாக்கப்படவில்லை. அறுகோணத் துண்டுகளால் ஆன ‘பாட்டியின் பூந்தோட்டம்’ 1930களில் புகழ்பெற்ற வடிவங்களுள் ஒன்று.

வீழ்ச்சியும் மதிப்பும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மலிவான காகிதப் பைகள் பரவின. 1960களில் துணிச்சாக்குகள் பெரும்பாலும் மறைந்தன. எஞ்சிய போர்வைகளில், பிரிக்கப்பட்ட சங்கிலித் தையலின் ஊசித்துளை வரிசையையும் முழுதும் மறையாத எழுத்துகளையும் கொண்டு சாக்குத்துணியை ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர்.

அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊரில், அடிமைகளாக இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடைகளோடு சாக்குத்துணியையும் சேர்த்துப் போர்வைகள் தைத்தனர். குத்தகை நிலத்தில் பருத்தி விளைவித்த அக்குடும்பங்களுக்குப் புதிய பருத்தித் துணி வாங்க வழியில்லை. குளிருக்காகத் தைக்கப்பட்ட அவ்வூர்ப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் கலைப்படைப்புகளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.